ஞாயிறு இரவுக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி ஆகப்போகிறது. மூலைக்கடையில் ஒரே ஒரு தொலைபேசி. அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். ஒருவன் கையில் சில்லறைக் காசு, மற்றவன் கையில் நாலாக மடித்த தாள். இணைப்புக் கிடைத்ததும் தாள்காரன் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான்: பாடம் 22, புதியவர்கள் 9, சபைக்கு வந்தவர்கள் 4, ஞானஸ்நானம் 2. வாராவாரம் இதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: “எந்த ஆட்டத்தில் இத்தனை கோல்?” சிலே நாட்டில் அப்போது ‘போயா கோல்’ என்ற கால்பந்துப் பந்தயச் சீட்டு வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பையன்களும் அதற்குத்தான் ஆள் பிடிக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

அது 1988. ஊர் கொரோனெல், கொன்செப்சியோன் நகருக்குத் தெற்கே, பசிபிக் கரையில் நிலக்கரி தோண்டிப் பிழைத்த ஊர். தாளை ஒப்பித்தவனுக்கு வயது 19. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவன். நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் குடும்பப் பெயர், அதற்கு முன்னால் ‘எல்டர்’ என்ற சொல். எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத பையனை ஊரே மூப்பரே, மூப்பரே என்று கூப்பிடும். அம்மா வைத்த பெயருக்கு இரண்டு வருடம் விடுமுறை.

அந்தப் பையன் இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் கணக்கு வாத்தியார். இந்த வேலையை அவர் நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தவர். மிஷனரியாகப் போய் வந்தார். யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி மையத்தில் அடுத்த தலைமுறைக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார். ஊர்ச் சபையில் மிஷனரிகளுக்குத் துணை நின்றார். 2013-லிருந்து மூன்று வருடம் மறுபடி சிலேக்கே போய் ஒரு மிஷனுக்குத் தலைவராக இருந்தார். மதப் பிரசாரத்தைத் தொழில் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் நேரக்கணக்கு, இலக்கு, வாராந்தர அறிக்கை, இடமாற்றம் எல்லாம் உள்ள ஒன்றை வேறு எப்படித்தான் சொல்வது?

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் இவர்களது சபைக்கு முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் அதன் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாத்தியாருக்கு நாக்கில் பழையதுதான் வருகிறது. பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம் ஊழியம். பையன்களுக்கு 19 என்றிருந்த தொடக்க வயது 2012-ல் 18 ஆனது. பெண்களுக்கு 21 என்பது அப்போது 19 ஆனது. 2024 முடிவில் உலகெங்கும் 74,000-க்கு மேற்பட்டோர் இப்படித் தெருவில் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டுப் போகிறார்கள்.

அந்தக் கைக்காசிலும் ஒரு கதை உண்டு. அவர் போன காலத்தில் எந்த ஊரோ அந்த ஊரின் செலவு. ஜப்பானுக்குப் போகிறவன் அப்பா நிலத்தை அடகு வைப்பார். சிலேக்குப் போகிறவன் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். 1991-லிருந்துதான் எங்கே போனாலும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள். அமெரிக்கர்களுக்கு வெகுகாலம் மாதம் 400 டாலராக இருந்து, 2020 ஜூலையில் 500 ஆனது. பதினான்கு வயதிலிருந்து அறுவடைக் காலத்தில் கிழங்கு மூட்டை ஏற்றிச் சேர்த்த பணத்தில்தான் அவர் விமானம் ஏறினார்.

ப்ரோவோவில் எட்டு வாரம் ஸ்பானிஷ் படித்துவிட்டுத்தான் போனார். கொன்செப்சியோனில் இறங்கிய அன்று பேருந்துக்காரர் சொன்ன ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சிலேக்காரர்கள் சொல் முடிவில் வரும் ‘ஸ்’ ஒலியை விழுங்கிவிடுவார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போ’ என்று ஒரு ஒட்டு, ‘காச்சாய்?’ என்று ஒரு கேள்வி. ‘புரியுதா?’ என்று அர்த்தம். புரியவில்லை என்பதைக்கூட ஸ்பானிஷில் சொல்லத் தெரியாதவனிடம் நாள் முழுக்க அதே கேள்வி. இந்த அவதி அவருக்கு முன்பே உண்டு. சபையின் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவரான பார்லி பிராட் 1851-ல் வால்பராய்சோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். மொழி வசப்படவில்லை, கைப்பணம் கரைந்தது, அங்கே பிறந்த குழந்தையும் இறந்தது. சில மாதங்களில் கப்பலேறிவிட்டார். அதன்பின் 1956 வரை சிலேக்கு மிஷனரி யாரும் போகவில்லை.

வாத்தியாருக்கு மொழியைக் கற்றுக்கொடுத்தது கம்பானியன். இந்த ஏற்பாட்டின் அச்சாணியே கம்பானியன்தான். கூட்டாளி என்று வைத்துக்கொள்ளலாம். யாரோடு யார் என்பதை மேலிடம் முடிவு செய்யும். குளியலறை தவிர எங்கேயும் ஒருவர் பார்வையைவிட்டு மற்றவர் விலகக்கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றக் காலம். அப்போது ஜோடி மாறலாம், மாறாமலும் போகலாம். முன்பின் தெரியாதவனோடு ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே பாதை. நம் வீடுகளில் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்துக்குக்கூட ஜாதகம் பார்ப்பார்கள்.

அவருக்கு வாய்த்த முதல் கூட்டாளி, வடக்கே பாலைவனத்துச் செப்புச் சுரங்க ஊரான கலாமாவிலிருந்து வந்தவன். சுரங்கத் தொழிலாளி மகன். சண்டை இரண்டாம் நாளே தொடங்கியது. எதற்கு? ரொட்டிக்கு. சிலேயில் மாலையானால் ‘ஒன்சே’ உண்டு. தேநீர், மர்ராக்கேத்தா என்ற மொறுமொறு ரொட்டி, உப்புப் போட்டு மசித்த அவகாடோ. ஒரு வீட்டில் பாடம் முடிந்ததும் அந்த அம்மா மேசைத் துணியை உதறி விரித்தால் கலாமாக்காரன் உட்கார்ந்துவிடுவான். ஐடஹோக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். இந்த வாரம் 22 பாடம் என்று இலக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இங்கே ஒரு மணி நேரம் ரொட்டி தின்றால் எப்படி எட்டும்? வெளியே வந்ததும் தெருவிளக்கடியில் இருவரும் கத்திக்கொள்வார்கள், ஒருவன் ஆங்கிலத்தில், மற்றவன் ஸ்பானிஷில். “அவங்க சாப்பிடக் கூப்பிட்டப்போதான் உண்மையில கதவைத் திறந்தாங்க, காச்சாய்?” என்று கலாமாக்காரன் சொன்னது ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்கு மொழிபெயர்ந்தது.

அன்றாடம் கடிகாரத்தின் கையில்தான் இருந்தது. காலை ஆறரைக்கு எழ வேண்டும். சாப்பிட்டுவிட்டு வேதம் தனியாக, பிறகு ஜோடியாக, பிறகு மொழி. பத்து மணிக்குள் தெருவில் இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு ‘மாமீத்தா’ வீட்டில். மாதக் காசு வாங்கிக்கொண்டு சமைத்துப்போட்டுத் துணியும் துவைத்துத் தரும் அம்மா. வாரத்துக்கு இரண்டு முறையாவது பயறும் நூடுல்ஸும் சேர்த்து வேகவைத்த பொரோத்தோஸ் வரும். மறுபடி தெரு. ஒன்பது, ஒன்பதரைக்கு அறை. பத்தரைக்கு விளக்கணைப்பு. பாட்டு, படம், செய்தித்தாள் கிடையாது. பெண்களோடு பழக்கம் கிடையவே கிடையாது. இதெல்லாம் சட்டைப் பையில் வைக்கும் ஒரு சின்ன வெள்ளைப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தது.

தெரு என்றால் நடை. சிலே வீடுகளுக்கு முன்னால் கம்பி வேலியும் கேட்டும் இருக்கும். அழைப்பு மணி அபூர்வம். கேட்டுக்கு வெளியே நின்று “அலோ!” என்று கத்த வேண்டும். முதலில் நாய் வரும், அப்புறம் பக்கத்து வீட்டு நாய், அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத தெரு நாய்கள். கல்லே இல்லாத இடத்திலும் குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் நாய் பின்வாங்கும் என்பதைக் கலாமாக்காரன்தான் சொல்லிக்கொடுத்தான். ப்ரோவோவில் இது பாடத்திட்டத்தில் இல்லை. நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் எவரும் ஐந்து வயதிலேயே கற்றுத் தேறிவிடுகிற வித்தைதான். எட்டு மாதத்தில் பூட்ஸின் அடித்தோல் தேய்ந்து ஓட்டை விழுந்தது. அட்டைப்பெட்டியைப் பாத அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துக்கொண்டு, மழை பெய்யாத நாள்களாகப் பார்த்து நடந்தார். கொன்செப்சியோன் பக்கம் குளிர்காலத்தில் மழை பெய்யாத நாள் குறைவு.

“சி.ஐ.ஏ. ஒற்றர்கள்தானே நீங்கள்?” என்று கேட்காத தெரு இல்லை. நீலக் கண்ணும் டையுமாக அமெரிக்கப் பையன்கள் ஊர் ஊராக நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தால் வேறென்ன தோன்றும்? ராணுவ சர்வாதிகாரி பினோசெட் ஆட்சியின் கடைசிக் காலம் அது. அமெரிக்கச் சின்னம் என்று கருதி அந்தப் பத்தாண்டில் சிலேயில் மார்மன் சபைக் கட்டடங்கள் பலவற்றின்மேல் குண்டு வீசினார்கள். 1988 அக்டோபர் 5, பினோசெட் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பு நாளில் வெளியே வராதீர்கள் என்று உத்தரவு. அறைக்குள் இருவரும் துணி துவைத்து, சதுரங்கம் ஆடி, தெருச் சத்தத்தை வைத்து முடிவை ஊகித்தார்கள். ‘வேண்டாம்’ என்போர் வென்றார்கள் என்பதை மறுநாள் மாமீத்தா பொரோத்தோஸ் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டிச் சொன்னார். அரசியல் பேசக்கூடாது என்பதும் வெள்ளைப் புத்தகத்தில் உண்டு. இருவரும் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்கள்.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை ஆறு பாடங்கள், ஸ்பானிஷில் ‘சார்லா’. வரிக்கு வரி மனப்பாடம் என்ற பழைய கெடுபிடி 1986-ல் வந்த புதுப் பாடங்களோடு தளர்ந்திருந்தது. ஆனால் மொழியே தெரியாதவனுக்கு மனப்பாடத்தைவிட்டால் என்ன வழி? மடியில் படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒப்பிப்பார்: பதினான்கு வயது ஜோசப் ஸ்மித் தோப்புக்குள் போய் ஜெபித்தது, கடவுளைக் கண்டது. கேட்பவர் இடையில் ஒரு கேள்வி போட்டால் நூல் அறுந்துவிடும். பாட்டியிடம் பாதியில் நிறுத்தப்பட்ட திருப்புகழ்போல மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: மார்மன் புஸ்தகம் வாசிப்பீர்களா? ஞாயிறு வருவீர்களா? ஞானஸ்நானம் பெறுவீர்களா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பயிற்சி. அந்த மௌனத்தைத் தாங்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. வாயைத் திறந்து எதையாவது உளறி, சரி என்று சொல்ல இருந்தவர்களையும் தப்பிக்க விட்டிருக்கிறார்.

மதுவும் புகையும் விட வேண்டும் என்றால் சுரங்கக்காரர் மனைவிமார் கைதட்டி வரவேற்பார்கள். தேநீரும் காப்பியும்கூடக் கூடாது என்று அடுத்த வரி வந்ததும் முகம் மாறும். ஒன்சே இல்லாத மாலையா? அதுவும் தேநீர்க் கோப்பை ஆவி பறக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் பிழைத்தது ‘எக்கோ’வால். தானியத்தை வறுத்துப் பொடித்த பானம்; சிலே மளிகைக்கடைகளில் டப்பாவில் கிடைக்கும். சூடாகக் கலந்தால் காப்பி நிறம், காப்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்கிற அளவுக்கு ருசி. மார்மன் வீட்டு அலமாரியில் அந்த டப்பா இல்லாமல் இருக்காது. வேத வசனம் சாதிக்காததை எக்கோ சாதித்த வீடுகள் அவருக்குத் தெரியும்.

அவர் தண்ணீரில் இறக்கிய முதல் ஆள் ஆறடிச் சுரங்கத் தொழிலாளி. இருவருக்கும் வெள்ளை உடை. ஒரு கையை உயர்த்திச் சொல்ல வேண்டிய வாசகத்தில் ஒரு சொல் பிசகக்கூடாது, உடம்பில் ஒரு விரல்கூடத் தண்ணீருக்கு மேலே தெரியக்கூடாது. தொட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொதிகலன் வேலை செய்யவில்லை, ஜூலை மாதத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. முதல் முறை மனிதர் பெயரில் நடுப்பெயர் விட்டுப்போயிற்று. இரண்டாம் முறை வாசகம் சரி, மனிதரைப் பின்னால் சாய்த்ததும் உடைக்குள் காற்று புகுந்து வலது முழங்கால் தீவுபோல எழுந்தது. கிழச் சாட்சி தலையை ஆட்டிவிட்டார். மூன்றாம் முறை பையன் தன் பாதத்தை அவர் பாதத்தின்மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு சாய்த்தான். எழுந்த மனிதர் பல் தந்தியடிக்க, “மூன்று தடவை கழுவினால்தான் கரி போகும் என்று என் மனைவி எப்போதும் சொல்வாள்” என்றார். அந்த வார அறிக்கையில் அது 1 என்றுதான் பதிவாயிற்று.

எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் வாத்தியார் தன்னைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறார். ஒரு வருடத்துக்குப் பிறகு மாவட்டத் தலைவர் ஆக்கினார்கள். நாலைந்து ஜோடிகளுக்கு மூத்தவன். மற்ற ஜோடிகள் தயார்செய்தவர்களை ஞானஸ்நானத்துக்கு முன் தனியே நேர்காணல் செய்து தகுதி பார்ப்பது அவர் வேலை. பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். எதற்காக ஞானஸ்நானம் என்று கேட்டார். “தொட்டியில இறங்கலாம்னு சொன்னாங்க” என்றான். மாதக் கடைசி வாரம் அது. ஜோடியின் கணக்கில் ஒன்று குறைந்தது. மேலும் நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் பதிலைத் தானே எடுத்துக்கொடுத்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு அந்தப் பையன் வந்தான். பிறகு வரவில்லை, இவரும் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்ப்பதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது. சபையின் வரலாற்றில் இது புதிதும் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பையன்களைப் பேஸ்பால் ஆடக் கூப்பிட்டு, ஆட்டக் குழுவில் சேர ஞானஸ்நானமும் ஒரு சடங்கு என்பதுபோல முக்கியெடுத்த கூத்தை மார்மன்களே ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’ என்று வெட்கத்தோடு நினைவுகூர்வார்கள்.

சிலேயில் இதற்கான பில் 2002-ல் வந்து சேர்ந்தது. சபையின் பதிவேட்டில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட சிலேக்காரர்கள் இருந்தார்கள். அந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை மார்மன் என்று சொன்னவர்கள் சுமார் 1 லட்சம். ஐந்தில் நான்கு பேருக்குத் தாங்கள் அந்தச் சபை என்பதே நினைவில் இல்லை, அல்லது நினைக்க விருப்பமில்லை. அதே வருடம், சபைத் தலைமையின் பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்டைச் சிலேயிலேயே தங்கிச் சீர்படுத்த அனுப்பினார்கள். இன்னொருவரான டாலின் ஓக்ஸ் பிலிப்பைன்ஸுக்குப் போனார். இரண்டு வருடம் இருந்த ஹாலண்ட் காலத்தில், ‘ஸ்டேக்’ என்று அவர்கள் சொல்லும் வட்டாரங்கள் பல கலைக்கப்பட்டு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஐடஹோவில் செய்தியைப் படித்தபோது வாத்தியாருக்கு அந்தத் தொட்டிப் பையன் ஞாபகம்தான் வந்ததாம்.

கையெழுத்துப் போடாமல் விட்டதும் ஒன்று உண்டு. பக்கத்து ஊரான லோட்டாவில், சுரங்கக் கம்பெனி கட்டிய நீண்ட மரவீட்டு வரிசையில் ஒரு அம்மா. வரிசைக்குப் பொதுவான செங்கல் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்பவர். ஆறு பாடமும் கேட்டார், புஸ்தகத்தை இரண்டு முறை முடித்தார், தேநீரை விட்டார், ஞாயிறு தவறாமல் வந்தார். ஒரு தடை. பதினான்கு வருடமாகச் சேர்ந்து வாழும் மனிதருக்குச் சாண்டியாகோவில் பழைய மனைவி இருந்தார். சிலேயில் அன்று விவாகரத்துச் சட்டம் கிடையாது, 2004-ல்தான் வந்தது. சட்டப்படி மணமாகாமல் சேர்ந்து வாழ்பவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்பது சபை விதி. வசதியானவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. கல்யாணத்தைப் பதிந்தபோது கொடுத்த முகவரி தவறு, அந்தப் பதிவாளருக்கு அதிகாரமே இல்லை என்று சாட்சி வைத்துச் சொன்னால் கல்யாணமே செல்லாது என்று நீதிமன்றம் எழுதிக்கொடுக்கும். நாடு முழுக்க நடந்த பொய் அது, நீதிபதிக்கும் தெரியும். கலாமாக்காரனுக்குப் பின் வந்த கூட்டாளி இந்த யோசனையைச் சொன்னான். அந்த அம்மா ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பொய்ச்சத்தியம் பண்ணிட்டா சாமிகிட்ட வரச் சொல்றே, மிஹீத்தோ?” மிஹீத்தோ என்பது நம் பாட்டிமார் ‘கண்ணு’ என்பார்களே, அது. இரண்டு மூப்பர்களும் பதில் சொல்லாமல் ரொட்டியைத் தின்றார்கள்.

ஊர் திரும்பிக் கல்லூரியில் படித்துக்கொண்டே ப்ரோவோ பயிற்சி மையத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஆசிரியரானார். அங்கே ஆசிரியர்கள் கேட்பவர்போல வேஷம் கட்டுவார்கள். பயிற்சிப் பையன் வந்து பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் நல்ல பிள்ளையாகத் தலையாட்ட, இவர் லோட்டா அம்மாவாக உட்கார்ந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்பார். பையன்கள் திணறுவார்கள். 2004-ல் மனப்பாடப் பாடங்களை அடியோடு எடுத்துவிட்டு, ஆளைப் பார்த்துச் சொந்த வார்த்தையில் பேசு என்று புதுக் கையேடு வந்தபோது மகிழ்ந்தார். ஆனால் சொந்த வார்த்தை இல்லாத பதினெட்டு வயதுக்கு மனப்பாடம் ஒரு கைத்தடிதான் என்றும் முணுமுணுக்கிறார். இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது.

மிஷன் தலைவராகப் போனபோது சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு மிஷனரியின் படமும் காந்தத்தில் ஒட்டி ஜோடி ஜோடியாக நிற்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவரும் இரண்டு உதவியாளர்களும் படங்களை நகர்த்துவார்கள். நகர்த்தியதை மனைவி வந்து பார்ப்பார். “இவனையும் அவனையுமா? இரண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டாங்களே” என்பார். படம் மறுபடி நகரும். கடவுளின் வழிகாட்டலைக் கேட்டுத்தான் ஜோடி சேர்க்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. வழிகாட்டல் சில நேரம் சமையலறைப் பக்கமிருந்து வந்தது என்கிறார் வாத்தியார்.

திங்கள்கிழமை மிஷனரிகளுக்குத் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத விடப்பட்ட நாள், ‘பி-டே’. அன்று தலைவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இரவில் நூற்றைம்பது கடிதங்கள் அவர் திரையில் வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் ‘எல்லாம் நலம், நன்றாக உழைக்கிறோம்’. கணக்கு வாத்தியார் கண் எதைத் தேடும் என்றால், போன வாரம் பத்து வரி எழுதியவன் இந்த வாரம் இரண்டு வரியோடு நிறுத்தியதை. அப்படி ஒருவனைத் தேடி இரவோடு இரவாக மூன்று மணி நேரம் கார் ஓட்டினார். பையன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. கூட்டாளி பயந்துபோய், அறிக்கையில் எண்களை மட்டும் ஒழுங்காக நிரப்பிக்கொண்டிருந்தான். பையனை ஊருக்கு அனுப்பிவைத்தார். பாதியில் திரும்புகிறவனை யூட்டா, ஐடஹோ சபைகளில் தோல்வியடைந்தவன்போலப் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்பாவுக்கு அவரே போன் செய்தார்; மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பயிற்சி அன்று உதவியது.

அவர் மிஷனரியாக இருந்த காலத்தில் வீட்டுக்குத் தொலைபேச அனுமதி வருடத்துக்கு இரண்டு முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம். பாட்டி இறந்த செய்தி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு அவர் கைக்கு வந்தது. பிறகு மின்னஞ்சல் வந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் வீட்டோடு பேசலாம், முகம் பார்க்கலாம் என்றார்கள். அவர் மகள் அப்போது பிலிப்பைன்ஸில் மிஷனரியாக இருந்தாள். அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனா வந்ததும் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரையும் பிலிப்பைன்ஸிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். தன் பழைய படுக்கையறையில் உட்கார்ந்து, மணிலா நேரத்துக்கு விடிய விடிய விழித்து, கைபேசியில் பாடம் நடத்தினாள். நாய்க்குப் பயப்படத் தேவையில்லாத ஊழியம் என்று அப்பா கேலி செய்தார். “யாரும் ரொட்டி தர மாட்டேங்கறாங்கப்பா” என்றாள் அவள்.

2016-ல் தலைவர் பொறுப்பு முடிந்து ஊர் திரும்பும் முன், மனைவியோடு லோட்டா போனார். 1997-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பழைய தொழிலாளிகள் சுற்றுலாக்காரர்களை விளக்கோடு உள்ளே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். மரவீட்டு வரிசை சாய்ந்து நின்றது. அந்த அம்மா அதே வீட்டில் இருந்தார், எழுபதைத் தாண்டி. அவருடைய மனிதர் விவாகரத்துச் சட்டம் வருவதற்கு முன்பே, நுரையீரலில் கரியோடு இறந்துவிட்டாராம். ஆனால் அந்த அம்மாவுக்கு ஞாயிறு தவறவில்லை. சபையில் விருந்தென்றால் ரொட்டி இவருடையது. இப்படி எல்லாம் கடைப்பிடித்தும் தண்ணீரில் இறங்காதவரை மார்மன்கள் தங்களுக்குள் ‘உலர்ந்த மார்மன்’ என்பார்கள்.

இப்போது தடை ஒன்றுமில்லையே என்று கேட்டார் வாத்தியார். அந்த அம்மா பாரபின் அடுப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“நனைஞ்சுட்டா நீங்க அடுத்த தெருவுக்குப் போயிடுவீங்க, மிஹீத்தோ. இருபத்தெட்டு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கேன்.”

அப்போது வெளியே கேட்டில் “அலோ!” என்று குரல். நாய் குரைத்தது. இரண்டு பையன்கள், நனைந்த கோட்டு, கறுப்புப் பட்டை. முந்தைய ஜோடியை மொத்தமாக மாற்றிவிட்டு இருவரையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். மிஷனரிகள் பேச்சில் அதற்கு ‘வெள்ளையடிப்பு’ என்று பெயர். ஊரில் அவர்களுக்கு யாரையும் தெரியாது. அம்மா வாத்தியாரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வந்தவர்களில் மெலிந்தவன் தடுமாறும் ஸ்பானிஷில் முதல் பாடத்தைத் தொடங்கினான். தோப்பு, பதினான்கு வயதுப் பையன், ஜெபம். ஒரு வினைச்சொல்லில் அவன் சிக்கிக்கொண்டபோது அம்மா மெதுவாக எடுத்துக்கொடுத்தார். பிறகு எழுந்து எக்கோ டப்பாவை இறக்கி ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்தார். கடைசிக் கேள்வி வந்தது: ஞாயிறு சபைக்கு வருவீர்களா?

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அம்மா. அந்த வார அறிக்கையில் அவர் ‘புதியவர்கள்’ பத்தியில் போயிருப்பார்.